அப்பாவின் கட்சி, மகனின் கோபம்

தேர்தல் நெருங்கும் மாதங்களில் மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் ஒரு குறிப்பிட்ட சிக்கலை அதிகம் கேட்கிறேன். தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் மற்றது வெளியே வரும். அப்பாவிடம் பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது, மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டார், தீபாவளிக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கண்ணுக்கு எதிரே இருக்கிறதை அவர் ஏன் மேடம் பார்க்க மாட்டேங்கிறார்?"

தகவல் போதவில்லை என்று நினைத்துத்தான் இன்னும் நாலு வீடியோ அனுப்புகிறோம். ஆனால் ஒருவர் எந்தக் கட்சியை நம்புகிறார், யாரை வெறுக்கிறார் என்பதில் பெரும்பகுதி, அவர் செய்தித்தாள் படிக்கத் தொடங்கும் முன்பே உருவாகிவிடுகிறது. அவர் வளர்ந்த வீடு, பட்ட பசி, வாங்கிய அடி, கிடைத்த மரியாதை, கிடைக்காத மரியாதை எல்லாம் அதில் இருக்கின்றன.

என்னிடம் வந்த ஒரு தந்தை, மகனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது, "இலவசத்துக்கு ஓட்டுப் போடுகிற கூட்டத்தால்தான் நாடு கெட்டது" என்றான். அப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை.

அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர் தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி மாணவர். காலையில் வீட்டில் எதுவும் இருக்காது. வகுப்பில் கவனமெல்லாம் மதிய மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் இருக்கும். அந்தப் பசியைப் பற்றி மகனிடம் அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நம் வீடுகளில் அப்பாக்கள் தாங்கள் பட்டினி கிடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அதனால் மகன் ஒரு அரசுத் திட்டத்தை விமர்சித்ததாக நினைத்தான். அப்பாவுக்கோ தன் ஏழு வயதுப் பசியை மகன் கேவலப்படுத்தியதாகப் பட்டது.

மகனின் பக்கமும் கேட்டேன். இலவசம் மேல் அவனுக்கு இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது? "யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது, நம் உழைப்பில்தான் நிற்கணும்" என்று சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சொல்லி வளர்த்தது அந்த அப்பாதான். ஒரே பசிதான் அப்பாவிடம் நன்றியாகத் தங்கியது, மகனிடம் வைராக்கியமாக இறங்கியது. இது தெரிந்த பிறகும் இரண்டு பேரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை. போடவேண்டியதும் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

பெற்றோரின் அரசியல் அப்படியே பிள்ளைகளுக்கு வந்துவிடுமா என்றால், இல்லை. அமெரிக்காவில் கென்ட் ஜென்னிங்ஸ், ரிச்சர்ட் நீமி என்ற ஆய்வாளர்கள் 1965-ல் பள்ளி இறுதி மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் பேட்டி கண்டார்கள். அந்த மாணவர்களைப் பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கட்சிப் பற்று ஓரளவு நன்றாகவே பிள்ளைகளுக்குப் போயிருந்தது. மற்றப் பல கருத்துகள் அவ்வளவாகப் போகவில்லை. வீட்டில் அடிக்கடி அரசியல் பேசி, அப்பா அம்மா இருவரும் ஒரே நிலையில் நின்ற குடும்பங்களில்தான் ஒற்றுமை கூடுதல்.

வீட்டை விட்டு வெளியே வந்ததும் அடுத்த பிடிமானம் நண்பர் கூட்டம். 1930-களில் அமெரிக்காவின் பென்னிங்டன் பெண்கள் கல்லூரியில் தியோடர் நியூகாம் என்ற சமூக உளவியலாளர் கவனித்தது இதைத்தான். பழமைவாதப் பணக்காரக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள், முற்போக்கான ஆசிரியர்களுக்கும் சீனியர்களுக்கும் நடுவில் வருடத்துக்கு வருடம் மாறினார்கள். வீட்டோடு மனதளவில் இறுக்கமாக ஒட்டியிருந்தவர்கள் குறைவாகவே மாறினார்கள். எந்தக் கூட்டத்தில் நமக்கு இடம் கிடைக்கிறதோ அதன் கருத்தும் மெல்ல நம்முடையதாகிறது. ஊரை விட்டு வந்து, அறையில் தனியாக இருக்கும் இளைஞனை ஆன்லைனில் ஒரு குழு "வா ப்ரோ" என்று கூப்பிடும்போது அவன் முதலில் பிடித்துக்கொள்வது அந்த அன்பைத்தான். கொள்கை அப்புறம் வருகிறது. அவனிடம் கொள்கையை மட்டும் உடைக்கப் பார்த்தால், அவனுக்கு இருக்கும் ஒரே சொந்தத்தைப் பறிப்பதுபோல் ஆகிவிடும்.

உணர்ச்சி ஓட்டை நகர்த்தும் என்பதற்குத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டிகளில் வந்தது. பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி 234-ல் 225 இடங்களைப் பிடித்தது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த வாரங்களின் துக்கத்தை விட்டுவிட்டு அந்த முடிவை விளக்க முடியாது.

எல்லா உணர்ச்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஜார்ஜ் மார்கஸ் போன்ற அரசியல் உளவியலாளர்கள் சொல்வது எனக்கு ஆலோசனை அறையில் தினமும் பயன்படுகிறது. கவலையில் இருப்பவர் பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் புதுத் தகவல் தேடுவார். கோபத்தில் இருப்பவர் ஏற்கெனவே நம்பியதையே இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஃபார்வர்டு செய்திகளில் பல, நமக்குக் கோபம் வரவேண்டும் என்றே எழுதப்படுகின்றன. படித்ததும் காது சூடாகிறதா? அந்த நேரத்தில் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், யாரோடும் வாதாடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். "அவன் அப்பா அடித்து வளர்த்தார், அதனால்தான் இந்தக் கட்சிக்குப் போனான்" என்று எதிர்த்தரப்புக்கு நோய்ப் பெயர் சூட்ட உளவியலைப் பயன்படுத்தாதீர்கள். கண்டிப்பான வளர்ப்புதான் சர்வாதிகார மனப்பான்மையை உண்டாக்குகிறது என்று 1950-ல் ஜெர்மானியச் சிந்தனையாளர் அடோர்னோவும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். பேட்டி எடுத்தவர்களுக்கு எதிரில் இருப்பவர் ஆய்வின் கேள்வித்தாளில் பெற்ற மதிப்பெண் முன்பே தெரிந்திருந்தது உட்பட, அந்த ஆய்வின் முறை மீது கடுமையான விமர்சனங்கள் வந்தன. அடி வாங்கி வளர்ந்தும் எல்லோரையும் மதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்து வளர்ந்தவரின் கோபம் அவருடைய மனக்கோளாறு அல்ல. அது நடந்த அநியாயத்துக்கான பதில். அதை ஆலோசனையால் ஆற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அரசியல் பேசுங்கள். ஆனால் நீங்கள் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்காரரை வசைச் சொல்லால் குறிப்பிட்டால் பிள்ளைக்கு அந்த வசைதான் முதலில் மனதில் பதியும். "ஏன்ப்பா?" என்று கேட்டால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அடக்காதீர்கள். பெரியவர்களிடம் பேசும்போது "இதை எப்படி நம்புறீங்க?" என்பதைவிட, "நீங்க எப்போ இருந்து இந்தக் கட்சி? முதல் ஓட்டு யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. தலைவர் இறந்தபோது உயிரை மாய்த்துக்கொண்ட தொண்டர்களைப் பற்றிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். தலைவரின் மரணத்துக்கோ தேர்தல் தோல்விக்கோ பிறகு உங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், "இனி இருந்து என்ன" என்று பேசினால், கட்சி வெறி என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.