ஷட்டில் பேட்டில் எடை எங்கே இருக்கிறது?

டபுள்ஸில் பார்ட்னரின் பேட்டோடு மோதி பிரேம் விரிசல் விட்டுவிட்டது, ஸ்மாஷில் வேகம் வேண்டும், ஹெட் ஹெவி (தலைப்பக்கம் எடை கூடிய பேட்) வாங்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். விரிசல் விட்ட பிரேமில் மறுபடி ஸ்ட்ரிங் போட வேண்டாம். டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கின் இழுவிசை, 24 பவுண்ட் என்றால் ஒவ்வொரு இழையும் சுமார் 11 கிலோ விசையில் இழுக்கும்; மெஷினிலேயே பிரேம் உடைந்துவிடலாம்.

யோனெக்ஸ் பேட்டின் கோனில் (கைப்பிடிக்கு மேலுள்ள கூம்பு) ‘4யூ ஜி5’ என்று இருக்கும். 4யூ என்றால் 80–84 கிராம், 3யூ என்றால் 85–89. ஜி எண் கூடக்கூடக் கைப்பிடி மெலியும். ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு பேட்டுகள் கையில் வேறுவேறாக இருப்பது ஏன்?

அதற்குக் காரணம், பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன். வீசும்போது ஒவ்வொரு கிராமும் சுழலும் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஏற்ப எதிர்ப்புத் தரும். கைப்பிடியின் அடியையே மையமாகக் கொள்வோம். பிரேம் நுனியில், 67 செ.மீ. தூரத்தில், 1 கிராம் கூடினால் 67 × 67, அதாவது 4,489. கைப்பிடியில் 10 செ.மீ. தூரத்தில் 5 கிராம் ஓவர்கிரிப் (கைப்பிடி மேல் சுற்றும் பட்டை) சுற்றினால் 5 × 10 × 10, வெறும் 500. நுனியின் ஒரே கிராம், 5 கிராம் கிரிப்பைப் போல ஒன்பது மடங்கு கனக்கிறது!

ஆனால் பேலன்ஸ் பாயின்ட், அதாவது பேட் சாயாமல் சமமாக நிற்கும் இடம், வேறு கதை சொல்லும். 85 கிராம் பேட்டில் அது அடியிலிருந்து 290 மி.மீ.யில் இருந்தால், அந்த ஓவர்கிரிப் அதை 279-க்கு இறக்கிவிடும். எண்ணைப் பார்த்தால் ஹெட் லைட், அதாவது தலைப்பக்கம் லேசு. வீசிப் பார்த்தால் அதே பழைய கனம். ஸ்ட்ரிங் இதற்கு நேரெதிர். சுமார் 4 கிராம்தான் என்றாலும் 54 செ.மீ. தள்ளி இருப்பதால் பேலன்ஸை ஏறக்குறைய 10 மி.மீ. மேலே தள்ளும், வீச்சும் உண்மையாகவே கனக்கும். கடையில் ஸ்ட்ரிங் இல்லாத பேட்டை வீசிப் பார்த்து ‘லேசாக இருக்கிறதே’ என்று வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். எடையை அச்சிடும் நிறுவனங்கள் இந்தச் சுழற்சி எதிர்ப்பையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாம்பியனின் மாடலை வாங்கினால் அவர் ஸ்மாஷும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போதாவது குறையும்.

எனவே உடைந்த பேட்டைத் தூக்கி எறியுமுன், ஸ்ட்ரிங்கையும் ஓவர்கிரிப்பையும் கழற்றிவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து, ஸ்கேல் விளிம்பில் படுக்கவைத்து பேலன்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் புது பேட்டையும் அதேபோல அளந்தால்தான் ஒப்பீடு சரியாகும்.

டபுள்ஸில் நெட் அருகே நின்று டிரைவும் டிஃபென்ஸும் ஆடுபவருக்கு ஹெட் ஹெவி வேண்டாம். உடம்புக்கு நேரே வரும் காக்குக்கு பேட் திரும்புவதற்குள் காக் கடந்துவிடும். யோனெக்ஸில் நானோஃபிளேர் வரிசை இவருக்குப் பொருந்தும். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பவருக்கு ஆஸ்ட்ராக்ஸ். இரண்டும் கலந்து ஆடினால் ஆர்க்சேபர்.

கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டான ஷாஃப்டைப் பொறுத்தவரை, கைவீச்சு வேகமாக இருந்தால் மட்டும் ஸ்டிஃப் (எளிதில் வளையாதது). மெதுவான கையில் அது வளையவே வளையாது, கிளியர் (எதிராளியின் பின்கோட்டுக்கு உயர்த்தி அடிக்கும் அடி) பாதிக் கோர்ட்டிலேயே விழும், முழங்கையும் வலிக்கும்.

புது பேட்டில் முதல் தடவை, முன்பு போட்ட அதே வகை ஸ்ட்ரிங்கைப் பழைய டென்ஷனிலேயே போடுங்கள். பேட்டையும் டென்ஷனையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஆட்டம் மாறியது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.