சம்பள உயர்வு: ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதப் போகிறார்கள்?

பல வருஷமாக எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) வேலையில் இருக்கிறேன். இன்கிரிமென்ட் சமயத்தில் என் மேசைக்கு வரும் எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போதைய சம்பளம், பரிந்துரைக்கும் சதவீதம், புதுச் சம்பளம், கடைசியாக ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நிறையப் பேருக்கு ‘நன்றாக வேலை செய்கிறார்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். மொத்தத் தொகை பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது, குறையுங்கள் என்று நிதிப் பிரிவு சொன்னதும் முதலில் கை வைப்பது அந்தப் பெயர்களில்தான். அவர்களில் பலர் உண்மையாகவே உழைப்பவர்கள் என்று தெரிந்துகொண்டே அதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கும்.

உங்கள் மேலாளர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் இல்லை. உங்களுக்காக மேலே போய்ப் பேச வேண்டியவர். அங்கே அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதை நீங்கள்தான் தயார் செய்து கொடுக்க வேண்டும்.

ஒரு பெண்மணியை மறக்க முடியாது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவு. மேலாளரைப் பார்க்கப் போனபோது ஒரே ஒரு தாள் கொண்டுபோனார், அதில் மூன்று வரி. புகாருக்குப் பதில் போக முன்பு 3 நாள் ஆனது, இப்போது அன்றைக்கே போகிறது. புதிதாகச் சேர்ந்த 2 பேருக்கு நான் வேலை கற்றுக்கொடுத்தேன். வேலையை விட்டுப் போனவரின் பொறுப்பையும் 7 மாதமாக நானே பார்க்கிறேன். அவ்வளவுதான். அந்த மூன்று வரியும் அப்படியே ‘காரணம்’ கட்டத்துக்கு வந்தது, யாரும் அதை வெட்டவில்லை. இதெல்லாம் கடைசி நேரத்தில் நினைவுக்கு வராது, அதனால் வாரக் கடைசியில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி என்ன முடித்தோம், அதனால் என்ன மாறியது என்று குறித்து வையுங்கள். பாராட்டி வந்த மின்னஞ்சல்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் நேரம். அப்ரைசல் கூட்டத்தில், அதாவது உங்கள் வேலையை மதிப்பிடும் கூட்டத்தில், போய்க் கேட்டால் பெரும்பாலும் தாமதம்தான், ஏனென்றால் அதற்குள் யாருக்கு எவ்வளவு என்று ஷீட் முடிந்திருக்கும். பட்ஜெட் போடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேச்சை ஆரம்பியுங்கள்.

எவ்வளவு கேட்பது? உங்கள் வேலைக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, ஒரு தெளிவான தொகையைச் சொல்லுங்கள். ‘பார்த்துப் போடுங்கள் சார்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். விலைவாசி 6 சதவீதம் ஏறிய வருஷத்தில் 5 சதவீத உயர்வு வந்தால் உங்கள் சம்பளம் உண்மையில் குறைந்திருக்கிறது. ஒரு தடவை தரும் போனஸைக் காட்டி அடிப்படைச் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டாலும் யோசியுங்கள், போனஸ் அந்த வருஷத்தோடு போய்விடும், உயர்வு அடுத்தடுத்த உயர்வுகளுக்கு அடித்தளமாக நிற்கும். 100 என்ற சம்பளம் வருஷம் 5 சதவீதம் ஏறினால் 10 வருஷத்தில் சுமார் 163, அதுவே 8 சதவீதம் என்றால் சுமார் 216.

வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, பக்கத்து சீட்டுக்காரரின் சம்பளம் இவற்றையெல்லாம் இழுக்க வேண்டாம். அந்தக் கஷ்டம் பொய் என்று சொல்லவில்லை, ஆனால் மேலாளர் அதை மேலே கொண்டுபோய்க் காரணமாகச் சொல்ல முடியாது. கையில் இல்லாத வேறு வேலையைக் காட்டி மிரட்டவும் வேண்டாம், ‘சரி, போய்ட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டால் அங்கிருந்து திரும்ப வழி கிடையாது.

முந்தின நாள் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களே தொகையைக் குறைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை முடியாது என்றால், ‘எதைச் செய்து முடித்தால், எந்த மாதம் திரும்பப் பேசலாம்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே நாலு வரி மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த சுற்றுக்குள் மேலாளரே மாறிப்போனாலும், புதிதாக வருபவரிடம் காட்ட அது உங்கள் கையில் இருக்கும்.