உரைகல்லில் ரோமாபுரி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நகைக்கடன் கொடுக்கும் இடங்களில் இருபது வருடமாக உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளன் நான். போன மாதம் ஓர் அம்மா நான்கு வளையல்களைக் கொண்டுவந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகு வைக்க வேண்டும். உரசியதும் கல்லில் கோடு நல்ல மஞ்சளாக விழுந்தது. ஆனால் மூன்று வளையல்களின் கனம் கைக்கு ஒத்துவரவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒன்றின் உட்புறத்தை அரத்தால் லேசாகக் கீறி, கீறிய இடத்தை மறுபடி உரசி ஆசிட் சொட்டு விட்டேன். கோடு பச்சையாகக் கரைந்து போனது.

"மேலே மட்டும்தான் தங்கம், அம்மா" என்றேன். "தெரிந்த ஆள் கொடுத்தது, தம்பி. அதனால் பில்கூட வாங்கவில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

ரோமப் பேரரசு ஏன் சரிந்தது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பச்சைக் கோடுதான் நினைவுக்கு வருகிறது. படையெடுப்பு, கொள்ளைநோய், அரியணைச் சண்டை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவற்றையெல்லாம் தாங்கும் வலுவை அரசிடமிருந்து பறித்ததில் காசுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் தினாரியஸ் என்ற காசு கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ அதன் எடையையும் மாற்றையும், அதாவது சுத்தத்தையும், குறைத்தார். தங்கக் காசிலும் ஒரு பவுண்டுக்கு 40 அடித்த இடத்தில் 45 அடிக்கச் செய்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெள்ளி ஏறத்தாழ பாதியாகிவிட்டது. படைவீரர் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அதற்கு ஈடான வெள்ளி இல்லை. 215-இல் கராகல்லா ஒரு புதுக் காசு வெளியிட்டார். மதிப்பு இரண்டு தினாரியஸ், எடையோ ஒன்றரை. 268 வாக்கில் அந்தக் காசில் நூற்றுக்கு 5 பங்கு வெள்ளிகூட இல்லை. உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. சில மாதம் கைமாறினாலே செம்பு பல்லிளிக்கும்.

மக்கள் பழைய நல்ல காசைப் பதுக்கினார்கள், புதியதைத் தள்ளிவிட்டார்கள். விலைவாசி ஏறியது. கடைசியில் அரசே தன் காசை நம்பாமல் வரியைத் தானியமாகவும் பண்டமாகவும் வாங்கத் தொடங்கியது. என்னைப் பொறுத்தவரை பேரரசின் உண்மையான முறிவு அங்கேதான். 301-இல் டயோக்ளீஷியன் உச்சவிலை குறித்து, மீறினால் மரண தண்டனை என்று ஆணையிட்டும் பயனில்லை.

கான்ஸ்டன்டைன் ஒரு பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் சுத்தத் தங்கத்தில் சாலிடஸ் என்ற காசை அடித்தார். அதன் எடை 24 சிலிக்குவா, அதாவது 24 கரோப் விதை. நாம் சொல்லும் காரட்டும் அந்த விதையின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். 476-இல் மேற்குப் பேரரசு முடிந்துபோன பிறகும் கிழக்கில் அந்தக் காசு பல நூற்றாண்டுகள் மாற்றுக் குறையாமல் ஓடியது.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கேரளக் கடற்கரையில் இருந்த பழைய முசிறித் துறைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே சரக்கு போனது இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான். கோவையை ஒட்டிய வெள்ளலூர்ப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ மாற்றைக் குறைத்த பிறகு அடித்த வெள்ளிக் காசுகள் தென்னாட்டில் மிகக் குறைவு. உரசிப் பார்க்கத் தெரிந்த யாரோ ஒருவர் அன்றைக்கும் இந்த வழியில் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நகை வாங்கும்போது ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடம் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால் மாற்று எவ்வளவு என்று காட்டும். தெரிந்த ஆளானாலும் பில் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

அந்த அம்மாவின் நான்காவது வளையல் அவருடைய தாயார் போட்டிருந்தது. தேய்ந்து மெலிந்திருந்தாலும் 22 காரட்டுக்குக் குறையவில்லை. அதை மட்டும் வைத்துக் கடன் கொடுத்தார்கள். மீதிக் கட்டணத்துக்கு என்ன செய்வார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.