உயிரி உணரி: எச்சிலில் சுகர் பார்க்கும் கருவிக்கு என்ன பெயர்?

எதிர்வீட்டு ஆயா காசிமேட்டில் மீன் விற்கிறவர். வாரத்துக்கு ஒருநாள் சுகர் பார்க்க என்னைக் கூப்பிடுவார். ஐஸிலும் செதிலிலும் ஊறி அவர் விரல் நுனியெல்லாம் காய்ப்பேறிக் கிடக்கும். ஊசி குத்தினாலும் ரத்தம் லேசில் வராது, பிதுக்க வேண்டும். அப்படிப் பிதுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், "எச்சிலை வச்சே பாக்குற பயோசென்சரு வரப்போவுதாம் ஆயா" என்றேன்.

"இன்னாது, எச்சியா? அத்தப் போயி எவன்டா தொடுவான்?"

பயோசென்சர் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். 'பயோஸ்' என்றால் வாழ்வு. 'சென்டீரே' என்றால் உணர்தல். பின்பாதிக்குத் தமிழில் சிரமமில்லை. இடிதாங்கி, பூச்சிக்கொல்லி, திசைகாட்டி வரிசையில் உணர் என்ற வினையோடு 'இ' சேர்ந்தால் உணரி. 'உணர்வி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு உணரிதான் வாய்க்கு வருகிறது.

முன்பாதியில்தான் வழுக்குகிறது. 'உயிர் உணரி' என்றால், இடிந்த கட்டடத்துக்குள் யாராவது பிழைத்திருக்கிறார்களா என்று தேடும் கருவி போலக் கேட்கிறது. பயோசென்சர் தேடுவது சர்க்கரை, லாக்டேட், யூரிக் அமிலம் மாதிரி ரசாயனங்களை. 'பயோ' இருப்பது தேடுகிற முனையில்: அங்கே நொதியோ (என்சைம்) எதிர்ப்பொருளோ (ஆன்டிபாடி), உயிரினத்திலிருந்து வந்த ஒன்று ஒட்டியிருக்கும். 1962இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் சொன்ன யோசனை அதுதான். ஆக்சிஜனை அளக்கும் மின்முனையின் மேல், மெல்லிய சவ்வுக்குள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்தால், சர்க்கரையோடு வினைபுரியும்போது அது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடலாம். ஆயா வீட்டு மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பிலும் ஒரு நொதிதான் உட்கார்ந்திருக்கிறது. பெயர் தெரியாமலேயே அவர் பயோசென்சர்க்காரி. ஆகவே உயிரி எரிபொருள், உயிரித் தொழில்நுட்பம் போல இதுவும் உயிரி உணரி. சேர்த்து எழுதினால் உயிரியுணரி.

இனி ஆயாவை முகம் சுளிக்க வைத்த சொல். எஞ்சு என்பதிலிருந்து எச்சம், எச்சில். மிச்சம் என்பதுதான் வேர்ப்பொருள். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் மரியாதையாக உட்கார்ந்திருப்பதும் இதே எச்சம்தான். சாப்பிட்டு வைத்த இலை எச்சில் இலையானது, வாய் பட்டது எல்லாம் எச்சிலானது, கடைசியில் வாயில் ஊறுவதற்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் பையன்கள் ஒருவரையொருவர் 'எச்ச' என்று திட்டுவதைக் கேட்டால், சொல் எவ்வளவு தூரம் சறுக்கியிருக்கிறது என்று தெரியும். உமிழ்நீருக்கு அந்தக் கறை இல்லை. மேகம் மழையை உமிழும், விளக்கு ஒளியை உமிழும், மணலிப் புகைபோக்கிகள் உமிழ்வது ஊருக்கே தெரியும். மருத்துவத்துக்கு உமிழ்நீரே சரி.

எச்சிலில் பார்க்கும் உணரியை வாயிலேயே மாட்டிக்கொள்வதாகத் திட்டம்; அப்படி உடம்பில் மாட்டுவதைச் சொல்லும் 'வேரபிள்' என்பதை அணியத்தக்க என்று இழுக்க வேண்டாம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக அணிகருவி, அணியுணரி என்றால் முடிந்தது. 'நான்-இன்வேசிவ்' என்பதற்கு ஊடுருவாத என்று எழுதுகிறார்கள்; எல்லைச் சண்டை ஞாபகம் வருகிறது. குத்தாத சோதனை என்றால் ஆயாவுக்கும் புரியும்.

வாயில் எப்படி அணிவது? பாக்ஸிங் பழகுகிற வடசென்னைப் பையன்கள் கடித்துக்கொள்ளும் மவுத்கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2015இல் அப்படியொரு மவுத்கார்டில் யூரிக்கேஸ் நொதி பூசிய மின்முனையைப் பதித்து, உமிழ்நீரின் யூரிக் அமிலத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பிக் காட்டினார்கள். சர்க்கரை இன்னும் கடினம். ரத்தத்தோடு ஒப்பிட்டால் உமிழ்நீரில் அது மிகக் கொஞ்சம். போதாததற்கு, தின்றது குடித்தது எல்லாம் கணக்கைக் குழப்பும்.

இதை விளக்கியதும் ஆயா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ அத்த மாட்டினா வெத்தல போடக் கூடாதா?"

"கூடாது ஆயா."

விரலை நீட்டினார். "குத்து."