டெனரல்: பச்சையுடம்பில் ஓர் ஈ

இலையடியில் ஓர் ஈ. விரல் நெருங்கினால் பறந்துவிட வேண்டியது, தள்ளாடி நடக்கிறது. உடம்பெல்லாம் வெளிறிய சாம்பல். வயிற்றில் வரியோ பட்டையோ தெளிவாக இல்லை. இறக்கைகள் நனைந்த காகிதம் போலக் கசங்கி முதுகோடு கிடக்கின்றன. இப்படி ஒன்றைப் படமெடுத்து வந்து, மலர் ஈக்களின் (பூக்களை நாடும் ஹோவர்ஃபிளைகளின்) படங்களையெல்லாம் புரட்டியிருக்கிறேன். எதனோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமோ என்று அரைநாள் பூரித்தும் போனேன். பிறகுதான் படத்தின் ஓரம் கண்ணில் பட்டது: நீர்த்துளி வடிவில், ஒரு முனை திறந்த வெற்றுக்கூடு. ஈ அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

இந்த நிலையிலுள்ள பூச்சியை 'டெனரல்' என்பார்கள். லத்தீனில் 'தெனெர்' என்றால் மெல்லிய, இளசான என்று பொருள். மென்மையைக் குறிக்கும் ஆங்கில 'டெண்டர்' பிரெஞ்சு வழியாக இங்கிருந்து போனதுதான். ஒப்பந்தத்துக்கு விடுகிறார்களே, அந்த டெண்டர் வேறு. அது 'நீட்டு' என்ற பொருளுள்ள 'தெந்தெரே'யின் பிள்ளை.

டெனரல் என்பது தோலின் நிலையைச் சொல்லும் சொல். கூட்டை விட்டு வந்ததும் ஈ தன் உடல் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்தி, மடிப்புகளை விரிக்கிறது. பிறகு பர்சிகான் என்ற ஹார்மோன் வேலை செய்ய, தோலின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. நிறம் ஏறுவதும் இதை ஒட்டித்தான். அதுவரை நிறத்தை வைத்து இனம் சொல்வது வீண். எபிசிர்ஃபஸ் பால்டியேடஸ் என்ற மலர் ஈயின் பெயரிலேயே 'இடைவார் அணிந்தது' என்ற பொருள் உண்டு. வயிற்றிலுள்ள கறுப்புப் பட்டைகளுக்காக வைத்த பெயர். பிறந்த கோலத்தில் பார்த்தால் அந்த வாரையே காணோம்!

நிறம் கைவிட்டாலும் வடிவம் கைகொடுக்கும். இறக்கை விரிந்துவிட்டால் அதன் நடுவில், எதனோடும் சேராமல் நரம்புபோல ஓடும் ஒரு மடிப்பைத் தேடலாம். போலி நரம்பு என்று பெயர். மலர் ஈக் குடும்பத்தின் முத்திரை அது. பல இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். இதற்கும் நிறம் வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் இரத்தம் குடித்து வாழும் செட்சி ஈயை ஆராய்பவர்கள் மட்டும் இச்சொல்லை வேறாக ஆள்கிறார்கள். இன்னும் முதல் இரத்தம் குடிக்காத ஈதான் அவர்களுக்கு டெனரல்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'இளம்பூச்சி' என்று எழுதினால் தவறாகிவிடும். அசுவினி, வெட்டுக்கிளி போன்றவற்றின் முதிராப் பருவத்துக்கு வேளாண் எழுத்தில் அது நிலைத்துவிட்டது. தவிர, இளம்பூச்சி இன்னும் வளரும். கூடு விட்ட ஈ வளராது. 'தளிர்' அழகுதான், ஆனால் அதற்கும் இதே இடைஞ்சல்.

எனக்குப் பிடித்தது 'பச்சை'. பச்சைப்பிள்ளை என்கிறோம், பிள்ளை பெற்றவளைப் பச்சையுடம்புக்காரி என்கிறோம். சூளையில் வைக்காத பானை பச்சைப்பானை: அளவும் வடிவும் முழுதாக வந்தாயிற்று, உறுதி மட்டும் பாக்கி. டெனரல் ஈயும் அச்சு அசல் அதேதான். ஆனால் வெறுமனே 'பச்சை ஈ' என்றால் நிறமென்று நினைத்து, மினுமினுக்கும் பச்சை நிற ஈயைத் தேடப் போய்விடுவார்கள். எனவே 'பச்சையுடம்பு ஈ'. நிலையைச் சொல்ல 'பச்சையுடம்புப் பருவம்'.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சரியாக உட்காருகிறது: "இது என்ன இனம்?" "இன்னும் பச்சையுடம்பில் இருக்கிறது, தொடாதே. நிறம் ஏறட்டும், அப்புறம் வந்து பார்."