பழைய லேப்டாப்பும் ஒரு கேடியும்

தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டு லேப்டாப்புக்கு வயது 13. ஆன் செய்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை முழுதாகப் படித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “வீடு நூறு வருசமா நிக்குது தம்பி, இந்தப் பொட்டி அதுக்குள்ள படுத்துருச்சே” என்றார்.

பொட்டி படுக்கவில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நின்றது. புராசசரோ பத்தைக்கூடத் தொடவில்லை. அது வேலை செய்யத் தயார்தான், சாமான் வந்து சேரவில்லை.

ஆச்சி வீட்டை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அடுப்படி பின்கட்டில் இருக்கிறது. உப்பு ஓர் அறையில், புளி இன்னோர் அறையில், மிளகாய் முகப்புப் பக்கம். எடுத்து வர ஒரே ஆள்; ஒரு நடைக்கு ஒரு பொருள்தான். அடுப்பு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஒற்றை ஆள் ‘ஹெட்’ என்னும் சிறு முனை. சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே, தட்டைத் தொடாமல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. (அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கின் மூடியை மட்டும் திறந்து பார்க்கக் கூடாது. ஒரு தூசி போதும்.) லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது வினாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் சுமார் 12 மில்லி வினாடி. கூட்டிப் பார்த்தால் வினாடிக்கு அறுபது நடைகூடத் தேறாது. நடைக்கு 4 கிலோபைட் என்றால் வினாடிக்கு 250 கிலோபைட்டுக்கும் குறைவு! அடுத்தடுத்து இருக்கும் தகவலை வாரிக்கொண்டு வரும்போது 100 மெகாபைட் வரை தருகிற அதே டிஸ்க்தான் இது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் நடையே இல்லை. தகவல் சிலிக்கான் அறைகளில் மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது; எந்த அறையானாலும் எடுக்கப் பத்தில் ஒரு மில்லி வினாடி போதும். பழைய லேப்டாப்பில் டிஸ்க்கைச் சேர்க்கும் சாட்டா என்னும் இணைப்பு இரண்டாம் தலைமுறையாக இருந்தால் வினாடிக்கு 300 மெகாபைட்டோடு நின்றுவிடும், புதிய எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று சிலர் தயங்குவார்கள். தேவையில்லை. நமக்கு இடைஞ்சல் நடைதான், சாலையின் அகலம் இல்லை.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. இடைவெளியில் ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரி.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். சிடி டிரைவ் இருக்கும் இடத்தில் அதைப் பொருத்த ஒரு சட்டம் கிடைக்கிறது. ஆங்கிலப் பெயர் கேடி. காரைக்குடிக் கடையில் “ஒரு கேடி வேணும்” என்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதிலும் 12.7, 9.5 என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டுப் போங்கள். எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்க்கின் இடத்திலும், பழைய டிஸ்க்கைக் கேடியிலும் வைப்பதே நல்லது. பல லேப்டாப்களில் சிடி பக்கத்து இணைப்பு மெதுவானது.

விண்டோஸைப் புதிதாகப் போடலாம், அல்லது யுஎஸ்பி கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் பழையதை அப்படியே நகலெடுக்கலாம். நகலெடுத்தபின் முதல் தடவை எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே அடையாள எண்ணோடு எதிரே நின்றால் விண்டோஸ் குழம்பும். ராம் (வேலை நேரத் தற்காலிக நினைவகம்) 2 ஜிபிதான் என்றால் அதையும் கூட்டாமல் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்டியில் படங்களை ஏற்றி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, பல வருடம் கழித்து எடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. மின்சாரமே காணாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆச்சியின் படங்களைப் பழைய டிஸ்க்கிலும், இன்னொரு பிரதி வெளியே ஒரு டிஸ்க்கிலுமாக வைத்தேன்.

பேட்டரியைக் கழற்றி, ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து செய்த வேலை ஒரு மணி நேரம். மாட்டி ஆன் செய்தால் இருபது வினாடிக்குள் திரை வந்தது. ஆச்சி உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். உள்ளே பேத்தி கல்யாண சிடி, ஆறு.

“இதைப் போடு தம்பி, பார்ப்போம்.”

கேடியைக் கழற்றி, சிடி டிரைவை மறுபடி மாட்டி, ஆறையும் காப்பி செய்து முடிக்க இருட்டிவிட்டது.