கண்ணுக்கு வளர்த்த ரோஜா, வாய்க்கு வளர்த்த ரோஜா

தென்னாப்பிரிக்காவில் புரட்டாசி என்றால் வசந்தம். விரதம் முடிகிற நேரத்தில் ரோஜா முதல் சுற்றுப் பூக்கும். பூஜைக்கு வாங்கிய பூ மிஞ்சினால் குல்கந்து போடலாம் என்று லெனேசியா, சாட்ஸ்வொர்த் போன்ற நம்மவர் வாழும் புறநகர்களில் யாருக்காவது தோன்றினால், வேண்டாம். கடைப்பூவுக்குப் பூச்சிமருந்தும் பூஞ்சை மருந்தும் அடித்திருப்பார்கள். சில மருந்துகள் இதழுக்குள்ளேயே ஊறிவிடும், அலசினாலும் போகாது.

வாய்க்குப் போகும் ரோஜா, மருந்தில்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். ருகோசா என்ற ரோஜா இனம் அப்படிப்பட்ட புதர். ஜப்பான், கொரியா கடலோர மணலில் வளர்வது. சுருங்கிய தடித்த இலை, தண்டு முழுக்க ஊசிமுள். கரும்புள்ளி நோய் இதை அதிகம் அண்டாது. மருந்தடித்தால்தான் ஆபத்து: இலை கருகிக் கொட்டும்.

இதற்குக் குளிர்காலம் நன்றாகக் குளிர வேண்டும். ஜொகானஸ்பர்க் பக்கமும், குவாசுலு-நேட்டாலின் உள்நாட்டு மேட்டுப்பகுதியான மிட்லேண்ட்ஸும் ஏற்றவை. டர்பன் கரையோரத்தில் இது நோஞ்சானாகவே நிற்கும். அங்கே சீன ரோஜா வகையை (செம்பருத்தி அல்ல, ரோசா சைனென்சிஸ்) இதழுக்காக வைத்துக்கொள்ளுங்கள்; டீக்கும் சிரப்புக்கும் ஆகிற, பூ உதிர்ந்தபின் காய்க்கும் ரோஜாப் பழத்தை (ரோஸ்ஹிப்) நம்பாதீர்கள்.

வாங்கும்போது சொந்த வேரில் வளர்ந்த செடியா என்று கேளுங்கள். ஒட்டுச்செடியானால் அடிக்கட்டையிலிருந்து வேறு ரோஜா கிளம்பி மேலே உள்ளதை அமுக்கிவிடும். ஐந்திதழ்ப் பூ வகையே நல்லது. அடுக்குப் பூவில் பழம் குறைவு, தேனீக்கும் மகரந்தம் எளிதில் எட்டாது. 'ஃப்ரூ டாக்மார் ஹாஸ்ட்ரப்' வெளிர் ரோஸ் நிறம், நன்றாகக் காய்க்கும்.

ஜூலை, ஆகஸ்டில் நடுங்கள். அரை மீட்டர் குழி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு, செடிக்குச் செடி ஒரு மீட்டர், ஆறு மணி நேர வெயில். முதல் கோடையில் வாரம் இருமுறை பத்து லிட்டர் தண்ணீர். ஐந்து செ.மீ. மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளானால் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்று சந்தேகியுங்கள்.

எல்லா ரோஜாவையும் வெட்டுவதுபோல் இதை மொட்டையடிக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டிலிருந்து, குளிர்கால முடிவில் மிகப் பழைய இரண்டு தண்டுகளை மட்டும் அடியோடு எடுத்தால் போதும். வாடிய பூவைக் கிள்ளினால் பழம் போச்சு. இலை ஓரத்தில் அரைவட்டமாக வெட்டு தெரிந்தால் அது இலைவெட்டித் தேனீ, செடிக்குக் கேடில்லை. பூவைத் தின்னும் கருப்பு மஞ்சள் சி.எம்.ஆர். வண்டைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள்; நசுங்கினால் தோல் கொப்புளிக்கும்.

பழம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சிவக்கும். உள்ளே விதையைச் சுற்றிய மயிர்தான் வில்லங்கம். தொண்டையையும் குடலையும் அரிக்கும். டீக்கு உலர்த்துவதானால் பழத்தைப் பிளந்து, விதையோடு மயிரையும் வழித்து அலசுங்கள். சிரப்புக்கு, ஒரு கிலோ பழத்தைக் கரடுமுரடாக அரைத்து உடனே இரண்டு லிட்டர் கொதிநீரில் போடுங்கள். மறுபடி கொதி வந்ததும் இறக்கி, கால் மணி நேரம் கழித்துத் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை இன்னொரு லிட்டர் கொதிநீரில் அதேபோல் செய்து, இரண்டு சாற்றையும் சேர்த்துப் புதுத் துணியில் மீண்டும் வடியுங்கள். இந்த இரண்டாம் வடிப்பைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் தொண்டை அரிக்கும். ஒரு லிட்டராக வற்றியதும் அரைக்கிலோ சர்க்கரை. பாத்திரம் எவர்சில்வர், செம்பு வைட்டமின் சி-யை அழிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

1941 முதல் போர்க்கால பிரிட்டனில் ஆரஞ்சுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்குக் கொடுத்தது இத்தகைய சிரப்தான். பருப்பு, கீரையோடு அருந்தினால் அவற்றின் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மருந்தல்ல, சர்க்கரைத் தண்ணீர். இனிப்பில்லாத டீ போதும்.

ஃப்ரீ ஸ்டேட் மலையடிவாரத்தில் தானாக முளைக்கும், இலையைக் கசக்கினால் ஆப்பிள் வாசம் வரும் ரோஜாவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது ரோசா ரூபிகினோசா, சட்டப்படி 1பி வகை, அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய அந்நியக் களை. வளர்ப்பதும் பரப்புவதும் குற்றம். ருகோசாவும் வட ஐரோப்பிய மணல்மேடுகளில் அடங்காமல் பரவிய செடிதான். வேர்க்கன்றுகளை ஆண்டுதோறும் மண்வெட்டியால் வெட்டுங்கள். வடித்த விதையை எருக்குழியில் கொட்டாமல், கட்டிக் குப்பையில் போடுங்கள்.